வரலாற்றில் இதே நாள்: ஒரு தேதிக்குள் பல நிகழ்வுகள் வந்து சேர்வது எப்படி?

ஆகஸ்ட் 24 என்ற தேதியை எடுத்துக்கொள்வோம். கி.பி. 79இல் இந்த நாளில் வெசுவியஸ் எரிமலை வெடித்து பாம்பேய் நகரைச் சாம்பலில் புதைத்தது என்று படித்திருப்போம். 410இல் இதே நாளில் அலாரிக்கின் தலைமையில் விசிகோத் என்ற ஜெர்மானிய இனத்தின் படை ரோமுக்குள் புகுந்தது. ஏறக்குறைய 800 ஆண்டுகளாக எந்த அந்நியப் படையும் கைப்பற்றாத நகரம் அது. 1572இல் இதே நாள் விடிவதற்குள் பாரிஸில் ஹியூகனோட்டுகள் எனப்படும் பிராட்டஸ்டன்ட் மக்களை வெட்டிக் கொல்லத் தொடங்கிவிட்டார்கள். 1814இல் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் நுழைந்து அதிபர் மாளிகைக்கும் நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் தீ வைத்தது. 1991இல் உக்ரைன் நாடாளுமன்றம் சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து விடுதலை அறிவித்தது. 2006இல் பிராக் நகரில் கூடிய வானியலாளர்கள் வாக்கெடுப்பு நடத்தி, புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

இப்படி ஒரே மூச்சில் படித்தால், அந்த நாளுக்கே ஏதோ ஒரு குணம் இருப்பதாகத் தோன்றும். சின்ன வயதில் நாளிதழின் மூலையில் வரும் ‘வரலாற்றில் இன்று’ பகுதியைக் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைப்பேன். அப்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் தோன்றியது. ஏதோ ஒரு நூல் இந்த நிகழ்வுகளைக் கோத்திருக்கிறது, அது என் கண்ணுக்குத்தான் படவில்லை என்று நினைத்தேன்.

நூல் சில சமயம் உண்மையிலேயே இருக்கிறது. பல சமயம் இல்லை. இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: இந்த நிகழ்வின் மேல் இந்தத் தேதியை ஒட்டியது யார்? தேதி என்பது மழை, வெயில் போல இயற்கையில் கிடைப்பதல்ல. மனிதர்கள் எழுதி ஒட்டும் சீட்டு. ஒட்டியது யார், எந்தக் காலண்டரைப் பார்த்து ஒட்டினார்கள், ஏன் ஒட்டினார்கள் என்று கேட்கத் தொடங்கினால் இந்தப் பட்டியல்கள் முன்பைவிட சுவாரசியமாகிவிடும்.

தற்செயல் என்பது எவ்வளவு சாதாரணம்

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 365 நாள். கடந்த 2000 ஆண்டுகளில், ஆண்டுக்கு ஒரே ஒரு நிகழ்வுதான் நினைவில் வைக்கத் தக்கது என்று மிகக் கஞ்சத்தனமாக வைத்துக்கொண்டாலும் 2000 நிகழ்வுகள் ஆகிறது. அவற்றை 365 பெட்டிகளில் போட்டால் சராசரியாகப் பெட்டிக்கு ஐந்துக்கு மேல் விழும். உண்மையில் நாம் நினைவில் வைத்திருப்பது ஆண்டுக்கு ஒன்றல்ல, பத்து இருபது. ஆகவே எந்தத் தேதியைத் தொட்டாலும் ஒரு போர், ஒரு பிறப்பு, ஒரு கண்டுபிடிப்பு, ஒரு விபத்து கிடைத்தே தீரும். ஆகஸ்ட் 24க்குப் பதில் ஆகஸ்ட் 25ஐ எடுத்திருந்தாலும் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியை எழுதியிருக்கலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாளாக இருக்க 50 சதவீதத்துக்குச் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது. முதல்முறை கேட்கும் யாரும் நம்ப மாட்டார்கள். 365 நாளில் 23 பேர் என்றால் மிகவும் குறைவாயிற்றே என்று தோன்றும். ஆனால் நாம் எண்ண வேண்டியது ஆட்களை அல்ல, ஜோடிகளை. 23 பேரை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 253 ஜோடிகள் வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் 365இல் ஒரு பங்கு வாய்ப்பு. 253 முறை முயன்றால் ஒரு முறையாவது பொருந்துவதில் என்ன வியப்பு? அமெரிக்க அதிபர்களில் ஜேம்ஸ் போக், வாரன் ஹார்டிங் இருவரும் பிறந்தது நவம்பர் 2. மில்லார்ட் ஃபில்மோர், வில்லியம் டாஃப்ட் இருவரும் இறந்தது மார்ச் 8. இதற்குப் பின்னால் எந்த மர்மமும் இல்லை, ஜோடிகள் நிறைய இருப்பதால் அமைந்தது.

ஸ்டீஃபன் ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8, அதாவது கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டுகள் கழித்து. அவர் இறந்தது 2018 மார்ச் 14, ஐன்ஸ்டைன் பிறந்த நாள். எவ்வளவு அழகான பொருத்தம்! ஆனால் ஹாக்கிங்கே தன் பிறந்தநாளைப் பற்றிச் சொல்லும்போது, அதே நாளில் உலகில் சுமார் இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்று சேர்த்துச் சொல்வார். அந்த இரண்டு லட்சம் பேரை நாம் பட்டியலில் போடுவதில்லை. பொருந்துவதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, பொருந்தாததைக் கண்டுகொள்ளாமல் விடுவது மனித மனத்தின் இயல்பு.

ஆண்டும் தேதியும் சேர்ந்தே பொருந்துவது இன்னும் அரிது, ஆனால் அதுவும் நடக்கும். சார்லஸ் டார்வினும் ஆபிரகாம் லிங்கனும் 1809 பிப்ரவரி 12 அன்று, அட்லாண்டிக் பெருங்கடலின் இரு கரைகளில் பிறந்தார்கள். ஒருவர் வசதியான ஆங்கில மருத்துவர் வீட்டில், மற்றவர் கென்டக்கியில் ஒரு மரக்குடிசையில். இருவருக்கும் தொடர்பு எதுவும் இல்லை. எனக்கு இந்தப் பொருத்தம் பிடிக்கும். இருவரையும் ஒரே வயதுக்காரர்களாக நினைத்துப் பார்க்கும்போது அந்த நூற்றாண்டு சட்டென்று மனதுக்குள் ஒரு வடிவம் கொள்கிறது. தற்செயலுக்குக் காரணம் இல்லை என்பதற்காக அதனால் பயனும் இல்லை என்று ஆகிவிடாது.

வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த நாட்கள்

சரி, எல்லாமே தற்செயலா என்றால் இல்லை. பல தேதிகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

பிரான்ஸின் டிசம்பர் 2ஐப் பாருங்கள். 1804இல் அன்றுதான் நெப்போலியன் பாரிஸின் நோத்ர டாம் தேவாலயத்தில் பேரரசராக முடிசூடினார். சரியாக ஓராண்டு கழித்து, 1805 டிசம்பர் 2 அன்று, ஆஸ்டர்லிட்ஸ் களத்தில் ரஷ்ய, ஆஸ்திரியப் படைகளை முறியடித்தார். அவர் வாழ்வின் மிகப் பெரிய வெற்றி என்று பலரும் சொல்வது அதைத்தான். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து அவருடைய தம்பி மகன் லூயி நெப்போலியன் பிரெஞ்சுக் குடியரசின் அதிபராக இருந்தார். பதவிக்காலம் முடியப் போகிறது, மறுபடியும் போட்டியிடச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே நாடாளுமன்றத்தைக் கலைத்து ஆட்சியைக் கைப்பற்றத் திட்டமிட்டார். எந்த நாளில்? 1851 டிசம்பர் 2. அடுத்த ஆண்டு, 1852 டிசம்பர் 2 அன்று, மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் பேரரசராக அறிவிக்கப்பட்டார். நான்கு நிகழ்வுகளில் கடைசி இரண்டும் முதல் இரண்டின் நிழலில் நிற்க வேண்டும் என்று திட்டமிட்டே நடத்தப்பட்டவை. பெரியப்பாவின் புகழைத் தேதி வழியாகக் கடன் வாங்கினார் என்று சொல்லலாம்.

இதே டிசம்பர் 2இல்தான் 1942இல் சிகாகோவில் என்ரிகோ ஃபெர்மி தலைமையிலான குழு முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நிகழ்த்தியது. அதற்கும் நெப்போலியனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரே தேதியின் கீழ் எழுதிய ஐந்து வரிகளில் இரண்டு திட்டமிட்டவை, மற்றவை தானாக அமைந்தவை. பட்டியலில் மட்டும் ஐந்தும் ஒன்றுபோல அடுத்தடுத்து நிற்கும்.

தேதியைப் பழிவாங்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் தலை 1649 ஜனவரி 30 அன்று வெட்டப்பட்டது. அதற்கு முக்கியக் காரணமாக இருந்த ஆலிவர் கிராம்வெல் 1658இல் நோயில் இறந்து, மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டார். பிறகு மன்னராட்சி திரும்பியது. சார்லஸின் மகன் அரியணையில் இருந்தபோது, கிராம்வெல்லின் உடலைத் தோண்டி எடுத்து, டைபர்ன் என்ற தூக்குமேடையில் தொங்கவிட்டுத் தலையைத் துண்டித்தார்கள். அந்த நாள் 1661 ஜனவரி 30, மன்னர் இறந்த பன்னிரண்டாம் ஆண்டு நாள். இறந்தவனுக்கு மரண தண்டனை கொடுத்ததில் சட்டத்துக்கு வேலையே இல்லை. அந்தத் தண்டனையின் பொருள் முழுவதும் தேதியில்தான் இருந்தது.

நமக்கு நெருக்கமான ஆகஸ்ட் 15ம் இந்த வகைதான். அதிகாரத்தை 1948 ஜூனுக்குள் கைமாற்றுவதாகத்தான் பிரிட்டிஷ் அரசு முதலில் அறிவித்திருந்தது. மவுன்ட்பேட்டன் அதை முன்னுக்கு இழுத்து 1947 ஆகஸ்ட் 15 என்று முடிவு செய்தார். 1945 ஆகஸ்ட் 15 அன்றுதான் ஜப்பான் சரணடைவதாக அதன் பேரரசர் வானொலியில் அறிவித்தார். தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் மவுன்ட்பேட்டன். அந்த வெற்றியின் இரண்டாம் ஆண்டு நாள் அவர் மனதில் இருந்தது. ஜப்பானின் பிடியிலிருந்து கொரியா விடுபட்டதும் அதே 1945 ஆகஸ்ட் 15தான். தென்கொரிய அரசு முறைப்படி நிறுவப்பட்டது 1948 ஆகஸ்ட் 15. ஆக, இந்தியாவும் தென்கொரியாவும் ஒரே நாளில் விடுதலை கொண்டாடுவதில் உண்மையிலேயே ஒரு நூல் ஓடுகிறது. அந்த நூலின் மறுமுனை டோக்கியோவில் ஒரு வானொலிப் பெட்டியில் இருக்கிறது.

பாகிஸ்தான் ஏன் 14ஆம் தேதி கொண்டாடுகிறது என்று கேட்கலாம். பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் இரண்டு நாடுகளுக்கும் ஆகஸ்ட் 15 என்றுதான் இருந்தது. 1948இல் பாகிஸ்தான் வெளியிட்ட முதல் நினைவுத் தபால்தலைகளில்கூட 15 ஆகஸ்ட் 1947 என்றே அச்சாகியிருக்கிறது. கொண்டாடும் நாள் பிறகு மாறியது. ஒரு நாட்டின் பிறந்தநாளையே இப்படி நகர்த்த முடியும் என்றால், தேதி என்பது எவ்வளவு தூரம் மனிதர் கையில் இருக்கிறது பாருங்கள்.

ஒரு நிகழ்வு இன்னொன்றை இழுத்து வருவது

ஜெர்மனியின் நவம்பர் 9ஐத் தனியாகப் பேச வேண்டும். தற்செயல், திட்டம், காரண காரியம் எல்லாம் ஒரே தேதிக்குள் இப்படிப் பின்னிக் கிடப்பதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

1918 நவம்பர் 9: முதல் உலகப் போரில் தோற்கும் நிலையில் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பதவி விலகுவதாக அறிவிக்கப்பட்டது. அன்றே பெர்லினில் குடியரசு பிரகடனம் செய்யப்பட்டது. வலதுசாரிகளுக்கு அது துரோக நாள் ஆகிவிட்டது. குடியரசை உண்டாக்கியவர்களை ‘நவம்பர் குற்றவாளிகள்’ என்று வசை பாடினார்கள்.

1923: அந்த வசையை முழங்கிக்கொண்டிருந்த ஹிட்லர் மியூனிக்கில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார். 8ஆம் தேதி இரவு ஒரு பீர் மண்டபத்தில் தொடங்கி, 9ஆம் தேதி நண்பகலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அவர் கட்சியைச் சேர்ந்தவர்கள் செத்தார்கள், ஹிட்லர் சிறைக்குப் போனார். ஆட்சிக்கு வந்தபின் நாஜிகள் அந்த நாளைத் தங்கள் தியாகிகள் நாளாக்கி, ஆண்டுதோறும் மியூனிக்கில் கூடினார்கள்.

1938: அப்படிக் கூடியிருந்த மாலையில்தான் பாரிஸிலிருந்து செய்தி வந்தது. இரண்டு நாளுக்கு முன் ஒரு யூத இளைஞன் சுட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்துவிட்டார். கட்சித் தலைவர்கள் எல்லோரும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். நாஜிகளின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து பேசினார். கேட்டவர்கள் தொலைபேசியை எடுத்துத் தங்கள் ஊர்களுக்கு உத்தரவு கொடுத்தார்கள். அன்றிரவும் மறுநாளும் ஜெர்மனி முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதத் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டன, சிதைக்கப்பட்டன. யூதர்களின் கடைகள் நொறுக்கப்பட்டன. சுமார் 30,000 யூத ஆண்களை வதைமுகாம்களுக்கு இழுத்துப் போனார்கள். அந்த அதிகாரியின் மரணம் வேறொரு நாளில் நடந்திருந்தால், உத்தரவு இத்தனை வேகமாக இத்தனை ஊர்களுக்குப் போயிருக்குமா என்பது ஐயம்தான். ஆண்டு விழாவுக்காகக் கூடிய கூட்டமே ஆயுதமாகிவிட்டது. 1918 இல்லாமல் 1923 இல்லை, 1923 இல்லாமல் 1938 இந்த நாளில் இல்லை.

1989: பெர்லின் சுவர் திறந்த நாள். இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கிழக்கு பெர்லினில் மாலை செய்தியாளர் சந்திப்பு. ஆளும் கட்சியின் பேச்சாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி களைத்துப் போயிருக்கிறார். கூட்டம் முடியப் போகும் நேரத்தில், வெளிநாட்டுப் பயணத்துக்கான புதிய விதி என்று கையிலிருந்த தாளை வாசிக்கிறார். அதை அவர் முன்கூட்டிச் சரியாகப் படித்திருக்கவில்லை. எப்போதிருந்து நடைமுறைக்கு வரும் என்று ஒருவர் கேட்கிறார். தாள்களைப் புரட்டுகிறார், மூக்குக்கண்ணாடி வழியாகத் தேடுகிறார். அப்புறம், தனக்குத் தெரிந்தவரை உடனடியாக, தாமதமில்லாமல் என்று சொல்லிவிடுகிறார். உண்மையில் மறுநாள் முதல், முறைப்படி விண்ணப்பம் வாங்கிக்கொண்டு அனுமதிப்பதுதான் திட்டம். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லைச் சாவடிகளை நோக்கி நடந்தார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் கூட்டம் ஆயிரக்கணக்கில் பெருகியது. மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு கிடைக்காத காவல் அதிகாரி, இரவு பதினொன்றரை மணி அளவில் தடுப்பைத் திறந்துவிடச் சொன்னார். இன்னும் அரை மணி நேரம் தயங்கியிருந்தால் காலண்டரில் நவம்பர் 10 ஆகியிருக்கும்.

ஆக, 1989ஐ அந்தத் தேதியில் கொண்டு வைத்தது ஒரு களைத்த மனிதரின் வாய்தவறிய சொல். ஜெர்மனி மீண்டும் ஒன்றானபோது நவம்பர் 9ஐ தேசிய நாளாக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் 1938 நடந்த நாளில் எப்படிக் கொண்டாட்டம் நடத்துவது? ஒற்றுமை நாள் அக்டோபர் 3க்குப் போய்விட்டது. பழைய நிகழ்வு ஒன்று புதிய நிகழ்வின் விழாவையே வேறு தேதிக்குத் தள்ளிவிட்டது.

காலண்டர் காட்டும் மாயம்

இனி, நடக்கவே நடக்காத பொருத்தங்கள். ஷேக்ஸ்பியரும் ஸ்பெயினின் செர்வாண்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்று அடிக்கடி படிப்போம். உலகப் புத்தக நாளுக்கு யுனெஸ்கோ ஏப்ரல் 23ஐத் தேர்ந்தெடுத்தபோது இதுவும் மனதில் இருந்தது. ஆனால் இருவரும் பத்து நாள் இடைவெளியில் இறந்தவர்கள்.

காரணம் இரண்டு காலண்டர்கள். ஜூலியஸ் சீசர் காலத்தில் வந்த ஜூலியன் காலண்டர் ஆண்டுக்கு 365¼ நாள் என்று கணக்கு வைத்தது. உண்மையான ஆண்டு அதைவிட சுமார் 11 நிமிடம் குறைவு. கேட்கும்போது 11 நிமிடம் பெரிதாகத் தெரியாது. ஆனால் சுமார் 128 ஆண்டுகளுக்கு ஒரு நாள் பிசகிவிடும். பிசகிப் பிசகி, வசந்தகாலச் சம இரவு நாள் காலண்டரில் முன்னால் நகர்ந்துகொண்டே வந்தது, அதை ஒட்டி வர வேண்டிய ஈஸ்டர் அதிலிருந்து விலகிக்கொண்டே போனது. 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி பத்து நாட்களை அப்படியே நீக்கினார். ஸ்பெயின், இத்தாலி, போர்ச்சுகல் நாடுகளில் அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. அவிலாவின் புனித தெரசா இறந்தது சரியாக அந்த இரவில்தான். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15.

பிராட்டஸ்டன்ட் இங்கிலாந்து போப் சொன்னதை ஏற்க 170 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1752இல் அங்கே செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918இல் மாறியது, கிரீஸ் 1923இல். ஆகவே 1616இல் ஸ்பெயினில் ஏப்ரல் 23 என்றால் இங்கிலாந்தில் ஏப்ரல் 13. ஷேக்ஸ்பியர் இறந்த இங்கிலாந்தின் ஏப்ரல் 23, ஸ்பெயினில் மே 3. போதாததற்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22ஆம் தேதி, அடக்கம் செய்த நாளே 23 என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்ற பிரபலமான செய்தியும் இப்படித்தான். கலிலியோ இறந்தது இத்தாலியின் புதிய காலண்டரில் 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது இங்கிலாந்தின் பழைய காலண்டரில் 1642 டிசம்பர் 25. அதைப் புதியதுக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4. இரண்டு காலண்டரையும் கலந்து படித்தால்தான் ஆண்டு ஒன்றாகிறது. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நாளை நவம்பர் 7இல் கொண்டாடியதற்கும் இதே காரணம்: பழைய கணக்கில் 1917 அக்டோபர் 25. பிப்ரவரிப் புரட்சி வெடித்தது பழைய கணக்கில் பிப்ரவரி 23, புதிய கணக்கில் மார்ச் 8. அது உழைக்கும் பெண்கள் தெருவில் இறங்கிய மகளிர் தினம்.

கடிகாரமும் இதே வேலையைச் செய்யும். 1969இல் ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவில் ஜூலை 20 இரவு, இந்தியாவில் ஜூலை 21 காலை. 1945இல் ஜெர்மனி பெர்லினில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது அங்கே மே 8 நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்தது, மாஸ்கோவில் மே 9 பிறந்துவிட்டது. அதனால்தான் மேற்கு ஐரோப்பா 8ஆம் தேதியும் ரஷ்யா 9ஆம் தேதியும் வெற்றி நாளாகக் கொண்டாடுகின்றன. 1963 நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடி, எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லி, சி. எஸ். லூயிஸ் மூவரும் இறந்தார்கள் என்பது பலர் வியந்து சொல்லும் செய்தி. ஹக்ஸ்லி இறந்தது லாஸ் ஏஞ்சலஸில் மாலை நேரம். லூயிஸ் வாழ்ந்த ஆக்ஸ்ஃபோர்டில் அப்போது நள்ளிரவு தாண்டி 23 ஆகிவிட்டிருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது 1941. ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது டிசம்பர் 8. ஹவாயில் அமெரிக்கக் கடற்படை இருந்த பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது டிசம்பர் 7. எது முதலில்? தேதியைப் பார்த்தால் பேர்ல் துறைமுகம். ஆனால் இரண்டுக்கும் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு ஓடுகிறது. கோத்தா பாருவில் துப்பாக்கி வெடித்து சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் பேர்ல் துறைமுகத்தில் முதல் குண்டு விழுந்தது.

தேதியே தவறாக இருந்தால்?

தொடங்கிய இடத்துக்கு வருவோம். ஆகஸ்ட் 24 பட்டியலின் முதல் வரி பாம்பேய். அந்தத் தேதி எங்கிருந்து வந்தது? எரிமலை வெடிப்பை வளைகுடாவின் மறுபக்கத்திலிருந்து கண்ணால் பார்த்த இளைய பிளினி, பல ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்திலிருந்து. மூலக் கடிதம் இல்லை. நூற்றாண்டுகளாகக் கையால் பார்த்து எழுதிய பிரதிகள்தான் இருக்கின்றன, அவற்றில் தேதி ஒன்றுபோல இல்லை. ரோமானியர்கள் தேதியை மாதத்தின் முதல் நாளுக்கு இன்னும் இத்தனை நாள் என்று பின்னாலிருந்து எண்ணுவார்கள். அதில் ஒரு சொல் பிசகினால் மாதமே மாறிவிடும்.

பாம்பேயைத் தோண்டியவர்களுக்கு மாதுளை போன்ற இலையுதிர்காலப் பழங்களும் குளிர்காயும் அடுப்புகளும் கிடைத்தன. ஆகஸ்ட் வெயிலில் அடுப்பு எதற்கு என்ற சந்தேகம் நெடுநாளாக இருந்தது. 2018இல் ஒரு வீட்டின் சுவரில் கரியால் கிறுக்கிய வரி ஒன்று வெளிப்பட்டது. அதில் இருந்த தேதி நம் கணக்கில் அக்டோபர் 17. ஆண்டு எழுதவில்லை. ஆனால் கரி எழுத்து சுவரில் அதிக நாள் நிற்காது என்கிறார்கள், வீட்டில் வேலையும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஆகவே வெடிப்பு அதற்குச் சில நாட்கள் கழித்து, அக்டோபர் கடைசியில் நடந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். ஆகஸ்டே சரி என்பவர்களும் இருக்கிறார்கள், வாதம் இன்னும் ஓயவில்லை.

யாரோ ஒரு வேலையாள் சுவரில் கிறுக்கிய ஒரு வரி, 1900 ஆண்டுகள் கழித்து ‘வரலாற்றில் இன்று’ பட்டியலில் ஒரு வரியை அசைத்துப் பார்க்கிறது. என் நோட்டில் ஆகஸ்ட் 24க்கு ஒட்டியிருந்த துண்டின் ஓரத்தில் பென்சிலால் ‘அக்டோபர்?’ என்று எழுதி வைத்தேன்.

ஒரு ஜூலை 4

கடைசியாக, இந்த வகைகள் எதற்குள்ளும் முழுசாக அடங்காத ஒரு பொருத்தம். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் முக்கியப் பங்கு வகித்த ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவரும் பின்னாளில் அடுத்தடுத்து அதிபரானார்கள், அரசியலில் பகைத்தார்கள், முதுமையில் கடிதம் வழியே மீண்டும் நண்பர்களானார்கள். பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நாளான 1826 ஜூலை 4 அன்று இருவரும் இறந்தார்கள். வர்ஜீனியாவில் ஜெஃபர்சன் நண்பகலை ஒட்டி. மாசசூசெட்ஸில் ஆடம்ஸ் மாலையில், ஜெஃபர்சன் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று முனகியபடி. ஐந்து ஆண்டு கழித்து, ஐந்தாம் அதிபர் ஜேம்ஸ் மன்ரோவும் ஜூலை 4 அன்றே இறந்தார்.

படுக்கையில் கிடந்த ஜெஃபர்சன், முந்தைய இரவே நான்காம் தேதி வந்துவிட்டதா என்று கேட்டதாகப் பக்கத்தில் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த நாளைப் பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் உயிரைச் சில மணி நேரம் பிடித்து வைத்ததா, அல்லது 83, 90 வயது முதியவர்களுக்கு அப்படி அமைந்ததா? இரண்டில் எது என்று நிரூபிக்க வழியில்லை. வெறும் தற்செயல் என்று தள்ளிவிட மட்டும் எனக்கு மனம் வரவில்லை.

அந்த நான்காம் தேதிக்கும் ஒரு கதை உண்டு. பிரிட்டனிடமிருந்து பிரிவதென்று அமெரிக்கக் காங்கிரஸ் வாக்களித்தது 1776 ஜூலை 2. நான்காம் தேதி நடந்தது பிரகடனத்தின் வாசகத்துக்கு ஒப்புதல் தந்தது மட்டும்தான். பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. ஜூலை 3 அன்று ஆடம்ஸ் தன் மனைவி அபிகேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். வருங்காலத் தலைமுறைகள் அணிவகுப்போடும் வாணவேடிக்கையோடும் கொண்டாடப் போகும் நாள் என்று அதில் அவர் உறுதியாகக் குறிப்பிட்டது ஜூலை 2ஐ.